ஜெர்மன் ரீச்சரின் நோயாளியும் நீயும்

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமோ என்று கேட்கத் தேவையில்லை. நேற்றுத்தான் வந்து இரண்டு தரம் புட்டுப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மிஞ்சிய மீன்குழம்பையும் டப்பாவில் கட்டிக்கொண்டு போனாய். வாசலில் சப்பாத்துப் போட்டபடி ஒன்று சொன்னாய். "அப்பா, நகரசபையிலை கலியாணப் பதிவுக்குக் கடதாசியள் கேக்கினம். உங்கடை பழைய ஃபைலை எடுத்து வையுங்கோ, ஞாயிற்றுக்கிழமை வந்து தூக்கிறன்." நான் "ஓம், ஓம்" என்றேன். நீ படியிறங்கியதும் அம்மா என்னைப் பார்த்தாள். "இனியாவது சொல்லுங்கோ," என்றாள். வாயால் சொல்ல எனக்கு ஏலாது. முகத்துக்கு நேரே சண்டை பிடிக்க நன்றாக வரும், கடையில் தக்காளியை அமுக்கிப் பார்க்கிற சனத்தைக் கேட்டால் சொல்வார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் வராது. அதனால்தான் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு குசினி மேசையில் குந்தியிருக்கிறேன்.

அந்த ஃபைலில் முதலாவதாக இருக்கிற நாலு பக்கத்தை நீ வாசிக்கத்தான் போகிறாய். பிரெஞ்சில் இருக்கிறது, என்னைவிட உனக்கு நன்றாக விளங்கும். அதில் மூன்றாம் பக்கத்தில் நீ செத்துப்போயிருக்கிறாய். பதறாதே. உன் பெயர்தான், உன் பிறந்த திகதிதான், ஷெல் விழுந்து செத்ததாக எழுதியிருக்கிறது. கீழே என் கையெழுத்து. அது கள்ளக் கையெழுத்து இல்லை, நானே போட்டது. ஆர் எழுதினார், ஏன் போட்டேன், பிறகு எப்படி உன்னை உயிரோடு எடுத்தேன் என்பதையெல்லாம் நீ அந்தக் கடதாசியிடமிருந்து அறிய முதல் என்னிடமிருந்து அறியவேண்டும்.

இதை ஜெர்மன் ரீச்சரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. நீ அறிந்த ரீச்சர், கோடை விடுமுறைக்கு வந்து உனக்குக் கசப்புச் சொக்லேட் தந்துவிட்டு, நீ முகம் சுளிக்கிறதைப் பார்த்துச் சிரிக்கிற கிழவி. நான் அறிந்த ரீச்சர் வேறு. போன கிழமை தபாலில் வந்த தடித்த புத்தகத்தைத் தூக்கிப் பார்த்து, "இதென்னப்பா, செங்கல்லோ?" என்று கேட்டாயே, அது அவருடையது. ஒரு மனுசியின் முழு ஆயுளும் அதற்குள் இருக்கிறது. உன்னுடைய கதையில் பாதியும் அதற்குள்தான் இருக்கிறது.

2009ஆம் ஆண்டு தொடக்கத்தில் நான் பாரிஸ் லாச்சப்பலில் ரூ பிலிப்-து-ஜிராரில், ஆறாம் மாடியில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தில் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்தேன். நான் மட்டும் முதலில் வருவது, பிறகு உங்களைக் கூப்பிடுவது என்றுதான் வெளிக்கிட்டு வந்தது. நான் வந்த பிறகு சண்டை உங்களை வன்னிக்குள் பூட்டிவிட்டது. மூன்று மாதம் உங்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ரெலிபோன் காட் வாங்கி வாங்கி, தெரிந்த இலக்கம் எல்லாவற்றுக்கும் அடிப்பேன். எங்கையும் மணி அடிக்காது. தெருவில் ஆராவது ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதால், எந்த ஊர் என்று ஓடிப்போய்க் கேட்பேன். அந்த மாதங்களில் லாச்சப்பலில் நடந்த ஆட்கள் எல்லோருமே அப்படித்தான் நடந்தார்கள்.

அப்போதுதான் என் கேஸ் எழுதவேண்டி வந்தது. அகதி அலுவலகத்துக்கு எங்கள் கதையைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்கவேண்டும். ரெலிபோன் காட் விற்கிற ஒரு கடையின் பின்பக்கத்தில் கேஸ் எழுதுகிற அண்ணை ஒருவர் இருந்தார். ஒரு பழைய கொம்பியூட்டர், ஒரு கதிரை, வாசல் வரைக்கும் சனம். நான் சொல்லச் சொல்ல அவர் தட்டிக்கொண்டு போனார். "பெடியனைப் பற்றித் தகவல் ஏதும் இருக்கோ?" என்றார். "இல்லை அண்ணை, மூண்டு மாசமா ஒண்டும் இல்லை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, உம்மடை கேஸ் பெலமில்லை. பெடியன் செத்துப்போட்டான் எண்டு எழுதுவம். இருந்தா கடவுள் புண்ணியம், இல்லாட்டி அது உண்மைதானே." நான் அவரை அடித்திருக்கவேண்டும். அடிக்கவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து வடை வாங்கித் தின்றேன், தம்பி. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்க முடியாதது, எனக்குப் பசித்தது.

மே மாதக் கடைசியில் அம்மாவின் குரல் வந்தது. செட்டிகுளம் முகாமிலிருந்து, ஆரோ ஒருவரின் ரெலிபோனில். "நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறம்," என்றாள். நீ கிட்ட நின்று, "அப்பா, எனக்குச் செருப்பு இல்லை," என்றாய். பத்து வயதுப் பிள்ளை இவ்வளவு நடந்த பிறகு அப்பாவிடம் சொன்ன முதல் சொல் அதுதான். நான் தெருவில் குந்தியிருந்து குளறினேன். பிறகு கேஸ் எழுதுகிற அண்ணையிடம் ஓடினேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார், அவருக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் கடதாசியைப் பற்றிக் கேட்டதும் கையை விரித்தார். "போனது போனதுதான். கதையை மாத்தாதையும். ஒரு இடத்திலை மாத்தினா முழுக்கப் பொய் எண்டு தூக்கி எறிவாங்கள். முதல் நீர் இஞ்சை நிண்டு பிடியும், பிறகு பாப்பம்." அறையில் இருந்த நாலு பேரும் அதையேதான் சொன்னார்கள்.

ஜூன் மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு இளம் பெண்தான் கேள்வி கேட்டாள், மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் இருந்தார். "உங்கள் மகனைப் பற்றிச் சொல்லுங்கள்," என்றாள். முதல் நாள்தான் உன்னோடு கதைத்திருந்தேன். செருப்புக் கிடைத்துவிட்டதென்றும் அது பெரிசென்றும் சொல்லியிருந்தாய். நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, "செத்திட்டான்," என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒரு கோப்பையில் தண்ணீர் ஊற்றித் தந்தாள். குடித்தேன். முதல் தரம் கையெழுத்துப் போட்டபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்றாவது சொல்லலாம். இந்தத் தரம் எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். ஃபைலில் இதுவும் இருக்கும், கேள்வி பதிலாக, அச்சடித்தபடி.

அடுத்த கிழமை உனக்குக் காய்ச்சல் என்று அம்மா சொன்னாள். மழை பெய்து கூடாரம் எல்லாம் சேறு, உனக்கு நெருப்பாய்க் காய்கிறது, வரிசையில் நின்றும் மருந்து கிடைக்கவில்லை. நான் சாமி சாத்திரம் பார்க்கிற ஆளில்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு என் வாயால் சொன்னதுதான் உன்னைத் தேடிப் போயிருக்கிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அம்மா சொன்னதை ரெலிபோன் காட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். முதல் நாள் குளிர்ந்து நடுங்கியது. மூன்றாம் நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் பிதற்றினாய், ஆட்டுக்குட்டியைக் கட்டச் சொன்னாய், எங்களிடம் ஆட்டுக்குட்டி இருந்ததே இல்லை. ஒன்பதாம் நாள் கஞ்சி கேட்டாய். பதினோராம் நாள் எழும்பிப்போய்க் கிரிக்கெட் விளையாடினாயாம், அம்மா ஏசிக்கொண்டு சொன்னாள். அந்தக் காட்டுகள் எல்லாம் என் கால்சட்டைப் பையில் கிடந்தன.

ரீச்சர் ஜூலையில் வந்தார். ஒவ்வொரு வருடமும் கோடைக்கு எங்கள் மாடியில் கடைசி அறையை வாடகைக்கு எடுப்பவர். எங்கள் அறிமுகம் சண்டையில்தான் தொடங்கியது. நான் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன், கதவை உடைக்கிற மாதிரி ஒரு தட்டு. திறந்தால் குட்டை முடி வெட்டின ஒரு வெள்ளைக்கார மனுசி, இருமி இருமிக் கண்ணெல்லாம் தண்ணி. எனக்கு விளங்காத வேகத்தில் பிரெஞ்சில் ஏசினார். நானும் எனக்குத் தெரிந்த இருபது பிரெஞ்சுச் சொல்லையும் ஒன்றும் விடாமல் திருப்பி எறிந்தேன். கடைசியில் தமிழில் ஏசினேன். அவர் ஜெர்மனில் ஏசினார். பிறகு பொதுக் குழாயடியில் காணும்போதெல்லாம் முறைத்துக்கொண்டே வணக்கம் சொல்வோம். அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டதற்கு, பெரிய நூலகத்தில் பழைய வைத்தியர் ஒருவரின் புத்தகம் வாசிப்பதாகச் சொன்னார். இரண்டாயிரம் வருடத்துக்கும் முற்பட்ட கிரேக்க வைத்தியராம். "இப்ப அவர் ஆருக்கு மருந்து குடுக்கப்போறார்?" என்று அறையில் பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆவணி கடைசியில் எனக்குப் பதிவுத் தபால் வந்தது. கேஸ் தள்ளுபடி. ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றிருந்தது. ஏன் தள்ளினார்கள் என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. லாச்சப்பலில் ஆரிடமும் கொடுத்து வாசிப்பிக்க வெட்கம். பின்னேரத்துக்குள் கடை கடையாய்க் கதை போய்விடும், மகன் செத்ததாக எழுதினவன் என்று. அதனால் எங்கள் ஆக்கள் ஒருவரையும் தெரியாத ஒரு ஆளிடம் போக நினைத்தேன். அந்த மிளகாய் மனுசியின் கதவைத் தட்டினேன். கடதாசியைக் கண்டதும் அவருடைய முகமே மாறியது. தள்ளுபடிக் கடிதத்தை வாசித்துவிட்டு, "நீங்கள் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. முதல் எழுதிக் கொடுத்தது எங்கே? எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்," என்றார். அந்த நாலு பக்கத்தையும் மேசையில் பரப்பி, பென்சிலால் தொடாமல், விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவித் தடவி வாசித்தார். ஒரு மணித்தியாலம் நான் கட்டிலின் நுனியில் இருந்தேன்.

பிறகு கேட்டார். "உங்கள் மகன் தலைக்கு ரெட்டைப் பின்னல் போடுவானா?"

எனக்கு விளங்கவில்லை. கையால் தன் குட்டை முடியைப் பின்னுகிற மாதிரிச் செய்து காட்டினார். "இங்கே எழுதியிருக்கிறது. ஷெல் விழுந்த பிறகு நீங்கள் பிள்ளையை அடையாளம் கண்டது ரெட்டைப் பின்னலாலும் அதில் கட்டியிருந்த வெள்ளை றிபனாலும். ஆனால் நீங்கள் அப்போது பாரிஸில் இருந்தீர்கள்." இன்னும் சில இடங்களைக் காட்டினார். ஒரு ஊரின் பெயர், நான் போகாத ஊர். ஒரு வரி இரண்டு தரம் வந்திருக்கிறது. "இது வேறொருவருடைய கடதாசியைப் பார்த்து எழுதியது. பெயரையும் வயதையும் மாற்றியவர் இவற்றை மாற்ற மறந்துவிட்டார். என் தொழில் இதுதான், ஐயா. படியெடுத்தவர்கள் எங்கே அவசரப்பட்டார்கள் என்று பார்ப்பது." உன்னுடைய சாவு என்று நான் கையெழுத்துப் போட்டது, வேறு ஆரோ ஒரு அப்பாவின் பெண்பிள்ளையின் சாவு. கேஸ் எழுதுகிற அண்ணை அவசரத்தில் ஒரு பழைய கதையை எடுத்து எனக்கு வெட்டித் தைத்திருக்கிறார்.

நான் உண்மையைச் சொன்னேன். மகன் உயிரோடு இருக்கிறான் என்று. ரீச்சர் கத்துவார், கதவைத் திறந்து போ என்பார் என்று நினைத்தேன். அவர் எழும்பிப்போய்த் தேத்தண்ணி வைத்தார், சீனி போடாமல். குடிக்கவே முடியாத தேத்தண்ணி. பிறகு தன்னுடைய கதையைச் சொன்னார். எனக்காக மெதுவாக, சின்னச் சின்னப் பிரெஞ்சில்.

அந்தக் கிரேக்க வைத்தியர் தான் பார்த்த நோயாளிகளைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். ஆள் எங்கே படுத்திருந்தார், முதல் நாள் எப்படி, நாலாம் நாள் எப்படி, நித்திரை வந்ததா, என்ன பிதற்றினார். கடைசியில் ஒரு சொல், செத்தார் அல்லது சுகமானார். அவ்வளவுதான். தான் கெட்டிக்காரன் என்று ஒரு இடத்திலும் பீற்றமாட்டாராம். தன் கையில் செத்த ஆட்களையும் மறைக்காமல் எழுதினாராம். ரீச்சர் படிக்கிற காலத்திலேயே இந்தப் புத்தகத்தில் விழுந்துவிட்டார். மருந்துக்கடை வைத்திருந்த தகப்பன், உயிரோடு இருக்கிற ஆட்களுக்கு மருந்து கொடுக்கப் படிக்கச் சொல்லி மன்றாடியிருக்கிறார். கேட்கவில்லை. முப்பது வயதுக்குள் ஒரு பெரிய கட்டுரை எழுதினார். ஒரு நோயாளியின் குறிப்பில் கடைசிச் சொல் எல்லாக் கையெழுத்துப் பிரதியிலும் சிதைந்து கிடந்தது. நோயின் போக்கைப் பார்த்தால் ஆள் தப்பியிருக்கவே முடியாது. அதனால் அங்கே இருக்கவேண்டிய சொல் செத்தார் என்பதுதான் என்று ரீச்சர் நிறுவினார். எல்லோரும் கை தட்டினார்கள். அவருடைய பேராசிரியர் அந்தச் சொல்லைத் தன் வகுப்பிலேயே படிப்பித்தார். ஒரு நல்ல பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பதவி கிடைக்கும் என்று ஊரே கதைத்தது.

அந்த நேரம்தான் முதல் தரம் பாரிஸுக்கு வந்தார். நூலகத்தில் ஒருவரும் கவனிக்காத ஒரு பழைய பிரதி, வேறு ஒரு புத்தகத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. அதில் அந்த நோயாளி இருந்தான். கடைசிச் சொல் வடிவாக, முழுசாக இருந்தது. சுகமானான்.

"மூன்று நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை," என்றார். "நூலகத்துக்குப் போவேன், அந்தப் பக்கத்தைத் திறப்பேன், மூடுவேன். என்னைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. பதவிக்கான நேர்முகம் அடுத்த மாதம். பேசாமல் இருந்திருக்கலாம்." பிறகு எழுதினார். தான் சொன்னது பிழை, ஆள் தப்பிவிட்டான், அதற்குச் சாட்சி இன்ன இடத்தில் இருக்கிறது என்று தன் பெயரைப் போட்டு அச்சில் விட்டார். பேராசிரியர் அவரோடு கதைப்பதை நிறுத்தினார். பதவி வேறொருவருக்குப் போனது. அதன் பிறகு அவருக்கு நிரந்தர வேலை வாய்க்கவே இல்லை. ஒரு வருடம் இங்கே, இரண்டு வருடம் அங்கே, இடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கிரேக்கம் படிப்பித்தார். விடுமுறைக்கு விடுமுறை எங்கள் ஆறாம் மாடிக்கு வந்து, அந்தப் புத்தகம் முழுவதையும் எல்லாப் பிரதியையும் ஒப்பிட்டுப் பிழை திருத்தி வெளியிடப் பாடுபட்டார். வெறும் ஒற்றைச் சொல்லுக்காக ஒரு ஆயுள்! எனக்கு அது விசர் என்றுதான் பட்டது. அதையும் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. "அவன் ஒரு ஆள்," என்றார் மேசையில் தட்டி. "சந்தைக்குப் பக்கத்தில் படுத்திருந்தான், காய்ச்சலில் கிடந்தான், தப்பினான். நான் அவனை அச்சில் கொன்றேன். நானே கொன்றதை நானே திருப்பி எடுக்காவிட்டால் வேறு ஆர் எடுப்பார்கள்?"

அந்த இடத்தில் என் கை தானாகவே பைக்குள் போனது. ரெலிபோன் காட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கினேன், நாள் வாரியாக. முதல் நாள் நடுக்கம், ஐந்தாம் நாள் ஆட்டுக்குட்டி, ஒன்பதாம் நாள் கஞ்சி. தமிழில் எழுதியதை நான் வாசித்து அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு காட்டாகப் பார்த்தார், அவருக்கு ஒரு எழுத்தும் விளங்காது, இருந்தும் பார்த்தார். "பதினோராம் நாள்?" என்றார். "கிரிக்கெட்," என்றேன். அந்த மனுசி அழுதார், தம்பி. சண்டைக்காரி, ஒரு நாளும் அழுது நான் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

சொன்ன பொய்யை மாற்ற முதல் எனக்கு ஒரு ஆளிடம் மட்டும் கேட்கவேண்டியிருந்தது. அம்மாவுக்கு அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ரெலிபோனில் சொன்னேன். அம்மாவின் குரல் உயர்ந்தது. "என்ரை பிள்ளையின்ரை பேரைச் சொல்லிச் செத்ததெண்டு எழுதினனீங்களோ? உங்கடை கை எப்பிடி வந்தது?" ரீச்சர் சொன்னது, கேஸ் எழுதுகிற அண்ணை சொன்னது, இரண்டையும் சொன்னேன். மாற்றினால் என்னைப் பொய்யன் என்று திருப்பி அனுப்பவும் கூடும், மாற்றாவிட்டால் செத்த பிள்ளையை ஒரு நாளும் கூப்பிட ஏலாது என்றேன். அம்மா ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை. "மாத்துங்கோ. நாங்கள் அங்கை வராட்டிலும் பரவாயில்லை. பிள்ளை இருக்கிறான் எண்டு முதல் எழுதுங்கோ." உன் அம்மாவை எனக்குக் கட்டித் தந்த ஆட்களை அன்றைக்குத்தான் முதல் தரம் மனதார வாழ்த்தினேன்.

மேல்முறையீட்டுக்கு ரீச்சரின் மேசையில் இருந்துதான் எழுதினோம். நான் சொல்ல அவர் எழுதுவார். நான் கொஞ்சம் சோடித்துச் சொன்னால் பேனையை வைத்துவிடுவார். "நீங்கள் பார்த்தீர்களா, கேள்விப்பட்டீர்களா?" கேள்விப்பட்டது என்றால் கேள்விப்பட்டது என்றுதான் எழுதுவார். எனக்கு எரிச்சல் எரிச்சலாய் வரும். முதல் வரியே இப்படித்தான் தொடங்கியது: என் மகன் உயிரோடு இருக்கிறான், முன்னர் நான் சொன்னது பொய், அதை இன்ன காரணத்தால் சொன்னேன். அதன் பிறகு நாள் வாரியாக எல்லாம். பழைய நாலு பக்கத்தை இணைக்காமல் விடுவோமா என்று கேட்டேன். "இல்லை, அதுவும் இருக்கவேண்டும். எதைத் திருத்தினீர்கள் என்று தெரியாவிட்டால் திருத்தியதை ஆர் நம்புவார்கள்?" என்றார். கேஸ் எழுதுகிற அண்ணை இதைக் கேள்விப்பட்டு, "உமக்கு விசர் முத்திப் போச்சு," என்று தலையில் கை வைத்தார். அவரிடம் அந்த ரெட்டைப் பின்னல் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன், ஆருடைய பிள்ளை என்று. பாவம் மனுசன், உண்மையாகவே யோசித்தார். "எத்தினை பேருக்கு எழுதினன் தம்பி, எனக்கு ஞாபகமில்லை," என்றார்.

நீதிமன்றத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கடதாசியைப் பார்த்துவிட்டு, "உங்கள் மகன் இறந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள்," என்றார். "ஓம், சொன்னனான். அது பொய். அவன் இருக்கிறான்," என்றேன். மொழிபெயர்க்க வந்த தம்பி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தான். "இப்போது சொல்வது மட்டும் உண்மை என்று நாங்கள் எப்படி நம்புவது?" என்றார். நான் படித்து வைத்திருந்த பதில் எல்லாம் மறந்துபோனது. "அவனுக்குக் காச்சல் வந்தது ஐயா," என்று தொடங்கி, நடுக்கம், ஆட்டுக்குட்டி, கஞ்சி, கிரிக்கெட் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. கேஸ் ஓம்பட்டுவிட்டது, என்னை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடியும் ஒரே மூச்சில் ஏறினேன். ரீச்சர் அப்போது ஜெர்மனிக்குப் போய்விட்டார், பூட்டிய கதவைத்தான் தட்டினேன், இருந்தும் தட்டினேன். பிறகு உங்களுக்கு விசா எடுக்கும்போது தூதரகத்தில் அந்தப் பழைய கடதாசி திரும்பவும் தலைகாட்டியது. எது முதல் எழுதியது, எது பிறகு எழுதியது, ஏன் என்று ரீச்சர் அங்கிருந்து ஒரு நீளமான கடிதம் எழுதி அனுப்பினார். 2012இல் விமான நிலையத்தில் நீ வந்து நின்றாய், எனக்குத் தோள் மட்டம். உன்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "என்னப்பா?" என்று கையைத் தட்டிவிட்டாய். அதற்குக் காரணம் இப்போது விளங்கும்.

இனிப் புத்தகத்துக்கு வருவோம். ரீச்சருக்கு வயது எண்பதுக்குக் கிட்ட. பதவி இல்லை, பட்டமளிப்பில் முன்வரிசை இல்லை, ஆனால் அந்தப் புத்தகம் முழுசாக வெளிவந்துவிட்டது. தபாலில் வந்த பிரதியில் ஒரு பக்கத்தில் கடதாசித் துண்டு வைத்து அனுப்பியிருக்கிறார். எனக்குக் கிரேக்கம் தெரியாது. துண்டில் பிரெஞ்சில் எழுதியிருக்கிறார்: மேலே பெரிய எழுத்தில் கடைசிச் சொல், சுகமானான். கீழே சின்ன எழுத்தில், இதை ஒரு காலத்தில் செத்தான் என்று திருத்திய ஆளின் பெயர். அது அவருடைய பெயர்தான். இப்போது ஒருவருக்கும் ஞாபகமில்லாத அந்தப் பிழையைப் போடாமல் விட்டிருக்கலாம். போட்டிருக்கிறார். நேற்று நீ போன பிறகு நான் அந்த நாலு பக்கத்தையும் ஃபைலிலிருந்து உருவி எடுத்தேன், கிழிக்கத்தான். பிறகு அந்தத் துண்டை ஒருக்கால் வாசித்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். இப்போது இதையும் எழுதிவிட்டேன். பதினைந்து பதினாறு வருடம் நெஞ்சில் கிடந்தது இறங்கிவிட்டது, எனக்கு இப்போது பசிக்கிறது. அம்மா புட்டு அவிக்கிறாள்.

உன் கலியாணத்துக்குப் பெரிய புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்றுதான். நீ கட்டப்போகிற லெ பிளாங்-மெனில் ஊர்ப் பிள்ளை வடிவான பிள்ளை, வாய்க்காரி, எனக்கு நல்ல விருப்பம். அவளிடம் எதையாவது பிழையாகச் சொல்லிவிட்டால், சொன்னது சொன்னதுதான் என்று விறைத்துக்கொண்டு நிற்காதே. அது நம்முடைய பரம்பரை வருத்தம். திரும்பப் போய், நான் சொன்னது பிழை என்று சொல். அவள் முதல் ஏசுவாள். ஏசட்டும், குடிக்க ஏலாத தேத்தண்ணி தந்தாலும் குடி. இந்தக் கடிதத்தையும் அவளுக்கு வாசித்துக் காட்டு, அவளுக்குத் தமிழ் வாசிக்க வராதென்றால் பிரெஞ்சில் சொல்.

இன்னொரு விசயம். தேருக்கு லாச்சப்பல் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நான் மூன்று அர்ச்சனைக்குப் பதிலாக நாலு செய்விப்பதைப் பார்த்து, "நாலாவது ஆருக்கப்பா, உங்கடை கேர்ள் ஃபிரெண்டுக்கோ?" என்று பகிடி பண்ணுவாய். ஐயர் பெயர் கேட்பார், நட்சத்திரம் கேட்பார். நான் இரண்டும் தெரியாது, ஒரு பிள்ளை என்பேன். அது அந்த ரெட்டைப் பின்னல் பிள்ளைக்கு. செத்த ஆளுக்கு அர்ச்சனை செய்வதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளையின் அப்பாவும் என்னைப்போல ஒரு கேஸுக்காகப் பொய் சொல்லியிருக்கலாம்தானே? ஒருவேளை அவளும் எங்கையோ முடி வெட்டிக்கொண்டு, பிள்ளை குட்டியோடு, ஆரோடோ சண்டை பிடித்துக்கொண்டு இருக்கலாம். என்னைப்போல ஒரு பொய்யன் அவளுக்கும் அப்பாவாக இருக்கவேண்டும் என்றுதான் ஒவ்வொரு தரமும் கும்பிடுகிறேன்.

உன் கலியாணத்துக்கு ரீச்சர் வருகிறார், ரயில் ரிக்கெற் எடுத்துவிட்டாராம், மிளகாய் குறைக்கச் சொல்லி இப்போதே கட்டளை வந்துவிட்டது. அவர் காலில் விழாதே, அவருக்குப் பிடிக்காது. கையைக் கொடுத்து, உன் பெயரைச் சொல்லி, சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் சொல். அன்றைக்குக் காலையில் கோயிலில் உங்கள் இருவருக்கும் அர்ச்சனை செய்த பிறகு, மூன்றாவது ஒன்றை இனி நீ செய். ஐயர் பெயர் கேட்டால் தெரியாது என்று சொல். உயிரோடு இருக்கிற பிள்ளை என்று சொல்.

ஃபைல் குசினி மேசையில் இருக்கிறது. ஒரு பக்கமும் குறையாமல் இருக்கிறது.

அப்பா